பழைய மெசி உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் லிப்ட்டைக் கட்டுக்குள் கொண்டுவருதல்: படிப்படியான முழு வழிகாட்டி

மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) இன்றும் கூலி உழவுக்குப் போகின்ற பழைய மெசி உழவு இயந்திரங்களில் எஞ்சின் நன்றாக இருக்கும். கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட் மட்டும் சொன்னபடி கேட்காது. ஒன்றில் கலப்பை தூக்குவதில்லை, அல்லது தூக்கியது நிற்பதில்லை, அல்லது உழும்போது தானாக ஏறி இறங்கிக் குதிக்கின்றது. உரிமையாளர் உடனே பம்பைச் சந்தேகிக்கின்றார். நான் பார்த்த அளவில் பம்ப் கடைசியாகச் சந்தேகிக்கப்பட வேண்டிய பாகம். வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்ற ஒழுங்கில் போனால், பெரும்பாலான குறைகள் மூடியைத் திறக்காமலேயே தீர்ந்துவிடும். கீழேயுள்ள படிகளை அதே வரிசையில் செய்யவும்; இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியில் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது.

1. எந்த இயந்திரத்துக்கு இது பொருந்தும்

மெசி பெர்கூசன் 35, 135, 240 ஆகியவற்றையும் அதே அமைப்பில் இந்தியாவில் செய்யப்பட்ட டாபே இயந்திரங்களையும் மனதில் வைத்தே எழுதுகின்றேன். இவற்றில் கியர், டிபரன்சியல், ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். பம்ப் சீட்டுக்குக் கீழேயுள்ள நடு உடலுக்குள், ஒயிலில் மூழ்கியபடி இருக்கின்றது. பின்பக்கம் ரொட்டரியை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையை) எஞ்சின் பலத்தால் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டுதான் அதையும் இயக்குகின்றது.

இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பம்பின் கட்டுப்பாட்டு வால்வு, ஒயில் வெளியேறும் பக்கத்தில் இல்லை. பம்ப் ஒயிலை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கின்றது. லிவரை உயர்த்தினால் உறிஞ்சும் வழி திறக்கின்றது. வேண்டிய உயரம் வந்ததும் மூடுகின்றது. இறக்கினால் சிலிண்டரில் உள்ள ஒயில் திரும்பி வடிய வழி திறக்கின்றது. லிப்ட்டை ஒயில் அமுக்கி இறக்குவதில்லை, கலப்பையின் பாரமே இறக்குகின்றது. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் பின்னால் வரும் காரணங்கள் தாமாக விளங்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அங்குல அளவு ஸ்பனர்கள் அவசியம். 35, 135 போன்ற பழையவற்றின் பொல்ட்கள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. 15 மில்லிமீற்றர் ஸ்பனரை 9/16 அங்குலத் தலையில் போட்டால் முதல் தடவை பிடிப்பதுபோல் இருக்கும். இறுகிப்போன பொல்ட்டில் தலையை உருட்டிவிடும். இதற்கு முன்னர் யாராவது மில்லிமீற்றர் பொல்ட்டை மாற்றிப் பூட்டியும் இருக்கலாம், ஆகையால் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துப் போடவும்.

அவற்றோடு ஆலன் சாவிகள், மண்ணெண்ணெய், நூல் பிசிறு விடாத பழந்துணி, இரண்டு சுத்தமான வாளிகள், புனல், நல்ல ரோர்ச், வெள்ளைச் சோக்குக் கட்டி, இரண்டு பாரமான மரக்கட்டைகள். மரக்கட்டைகளை ஏன் சொல்கின்றேன் என்றால், தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே கையை விடுவதற்கு முன் அதைக் கட்டையில் இறக்கி வைக்க வேண்டும். லிப்ட்டைத் தாங்கி நிற்பது ஒயில் மட்டுமே. யாராவது தெரியாமல் லிவரைத் தட்டினால் எஞ்சின் நின்றிருந்தாலும் கலப்பை விழும்.

வேலைக்கு ஆவணி, புரட்டாதி மாதங்களை ஒதுக்குவது நல்லது. பெரும்போக உழவு தொடங்கிய பிறகு உதிரிப்பாகத்துக்கு அம்பாறைக்கோ கல்முனைக்கோ ஓடுவது ஒரு பக்கம், வட்டையில் ஆட்கள் காத்திருக்கும் அவசரத்தில் செய்யும் வேலை இன்னொரு பக்கம். இரண்டுமே பிழைக்கு வழி.

3. முதலில் குறையை அளந்து எழுதவும்

எதையும் தொடாமல் இப்போதைய நிலையைப் பதிவு செய்வது முதற்படி. இதைச் செய்யாதவர்கள் பின்னர் "கொஞ்சம் பரவாயில்லைபோல் இருக்கு" என்று மட்டுமே சொல்ல முடிகின்றது.

ஒயில் சூடாக இருக்க வேண்டும். அரை மணி நேரமாவது வேலை செய்துவிட்டு வந்து சோதிக்கவும். குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருப்பதால் சிறிய கசிவுகளை மறைத்துவிடும். காலையில் நன்றாக நிற்கும் லிப்ட் பத்து மணிக்குத் தொய்வதன் காரணம் இதுதான்.

வழக்கமாகப் பூட்டும் கலப்பையைப் பூட்டி, உயர்த்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கவும். கலப்பையை இரு பக்கமும் தாங்கும் கீழ்க் கைகள் அசையாமல் நிற்கின்றனவா, அல்லது சில விநாடிகளுக்கு ஒரு தடவை சற்று இறங்கி மீண்டும் ஏறி "தலையாட்டு"கின்றனவா? தலையாட்டல் என்றால் எங்கோ ஒயில் கசிகின்றது. கை இறங்கியதை வால்வு கண்டு மீண்டும் தூக்குகின்றது. இரண்டு தலையாட்டலுக்கு இடைப்பட்ட விநாடிகளை எண்ணி எழுதவும். பிறகு எஞ்சினை நிறுத்தி, பக்கத்தில் ஒரு தடியை நட்டு, கையின் உயரத்தைச் சோக்கால் குறித்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகின்றது என்று அளக்கவும். கடைசியாக, நிலத்திலிருந்து முழு உயரத்துக்கு ஏற எத்தனை விநாடி எடுக்கின்றது என்பதையும் குறிக்கவும். இந்த மூன்று எண்களும் வேலையின் இறுதிவரை துணை வரும்.

4. லிப்ட் அறவே தூக்காவிட்டால்: பி.ரி.ஓ. லிவரும் கிளச்சும்

பம்ப் பி.ரி.ஓ. தண்டில் ஓடுகின்றது என்று சொன்னேன். ஆகவே பி.ரி.ஓ. லிவர் விலகியிருந்தால் பம்ப் சுற்றாது, லிப்டும் தூக்காது. பெட்டி (ட்ரெயிலர்) இழுக்கும் காலத்தில் பி.ரி.ஓ.வை விலக்கி வைத்துவிட்டு, மாதங்கள் கழித்துக் கலப்பையைப் பூட்டி, லிப்ட் செத்துவிட்டது என்று இயந்திரத்தை இன்னொரு இயந்திரத்தால் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனவரை எனக்குத் தெரியும். அங்கே ஒரு பொடியன் லிவரைத் தள்ளிவிட்டு சிரித்தானாம்.

இரட்டைக் கிளச் உள்ள இயந்திரத்தில் மிதியைப் பாதி அழுத்தினால் சில்லு மட்டும் நிற்கும். முழுவதும் அழுத்தினால் பி.ரி.ஓ.வும் பம்பும் சேர்ந்து நிற்கும். வரம்படியில் திரும்பும்போது கிளச்சை அடிவரை மிதித்துக்கொண்டு லிவரை உயர்த்துபவர் கலப்பை தூக்கவில்லை என்று சொல்வார். காலைப் பாதியில் நிறுத்தப் பழக வேண்டும்; வேறு பழுது இல்லை. ஒற்றைக் கிளச் என்றால் மிதியை விட்ட பிறகே தூக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

5. வெளியே உள்ள தேய்மானம்

கீழ்க் கைகளின் நுனியிலுள்ள உருண்டைகள், லிப்ட் கைகள் குறுக்குத் தண்டில் பூட்டும் பல்லிடம், இரு பக்கத் தூக்கு தண்டுகளின் ஊசிகள், கலப்பையின் மேல்முனையை இயந்திரத்தோடு இணைக்கும் டொப் லிங்க்கின் இரு முனைகள், பக்கச் சங்கிலிகள் ஆகிய எல்லாவற்றையும் கலப்பை கட்டையில் இருக்கும்போது கையால் அசைத்துப் பார்க்கவும். ஒவ்வொன்றிலும் சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் கலப்பையின் நுனியில் அது கூடிப் பெரிதாகும். லிவரைச் சற்று நகர்த்தியும் கலப்பை அசையவில்லை என்ற குறையின் ஒரு பங்கு இங்கேதான் இருக்கின்றது.

ஊசிகளின் அளவைக் கவனிக்கவும். இந்த இயந்திரங்களின் மூன்று முனை இணைப்பில் டொப் லிங்க் ஊசி 19 மில்லிமீற்றர், கீழ்க் கை ஊசி 22 மில்லிமீற்றர். இரண்டுக்கும் ஒரே கம்பித் துண்டை வெட்டிப் போட்டிருப்பதை அடிக்கடி காண்கின்றேன். மூன்று மில்லிமீற்றர் ஆட்டம் உள்ள துளை ஒரு போகத்திலேயே முட்டை வடிவமாகிவிடும்.

டொப் லிங்க்குக்குப் பதிலாகச் சங்கிலி போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. மட்டப்பலகைக்கு அது போதும். உழவுக்குக் கூடாது, ஏனெனில் கலப்பை மண்ணில் இழுபடும்போது டொப் லிங்க் முன்னோக்கித் தள்ளுகின்றது, அந்தத் தள்ளலைத்தான் இயந்திரம் இழுவையாக உணர்கின்றது. சங்கிலி எதையும் தள்ளாது.

6. ஒயில்

அளவு பார்க்கும் கம்பி சீட்டுக்குக் கீழே, உடலின் பக்க மூடியில் இருக்கும். இயந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, லிப்ட்டை முழுவதும் இறக்கி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கவும். லிப்ட் உயர்ந்திருந்தால் சிலிண்டருக்குள் ஒயில் நிற்கும், குறைவாகக் காட்டும். டிப்பர் பெட்டிக்கு இதே ஒயிலை எடுப்பவர்கள் பெட்டியையும் இறக்கிவிட்டே அளக்க வேண்டும். பெட்டி ஏறி நிற்கையில் அளவு குறைந்ததென்று ஊற்றி, பெட்டி இறங்கியதும் மிதமிஞ்சிய ஒயில் அச்சு சீல்கள் வழியாகப் பிரேக் உருளைக்குள் போவது வழக்கமான பிழை.

கம்பியைத் துடைக்கும் முன் ஒயிலின் நிறத்தைப் பார்க்கவும். பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. சேற்றுழவில் அச்சு வரை தண்ணீரில் நிற்கும் இயந்திரத்துக்கு இது நேரும். தேய்ந்த அச்சு சீல், கியர் லிவரின் கிழிந்த றபர், சரியாக மூடாத ஒயில் கம்பி ஆகியவையே வழி. தண்ணீர் கலந்த ஒயில் வால்வைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த வால்வு ஒட்டும், ஒட்டிய வால்வு, நாம் லிவரை நகர்த்திய பின் சற்று நேரம் கழித்துத் திடீரென்று பாயும். இதைப் பார்த்தவர் லிவர் இணைப்பைப் பிரித்து மாதக்கணக்கில் தேடலாம். காரணம் ஒயிலில் இருக்கும். அப்படியான ஒயிலை மேலே ஊற்றிச் சரிசெய்ய முடியாது, முழுவதையும் வடிக்க வேண்டும். வடிப்பதற்கு முன் இயந்திரத்தை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்தினால் தண்ணீரில் ஒரு பகுதி அடியில் தங்கும். காலையில் அடி நட்டைச் சிறிது தளர்த்தினால் முதலில் அதுவே வரும். எவ்வளவு வந்தது என்பதை ஒரு போத்தலில் பிடித்துப் பார்ப்பது, சீலை மாற்றிய பிறகு ஒப்பிட உதவும்.

நுரை வேறு விடயம். ஒயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சினால் நுரைக்கும். வரம்பு ஏறும்போது மட்டும் லிப்ட் தளர்வதும் இதனால்தான், ஏனெனில் சாய்வில் ஒயில் பம்பை விட்டு ஒரு பக்கம் ஒதுங்குகின்றது.

ஊற்றும் ஒயில், உழவு இயந்திரத்தின் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவானது என்று தகரத்தில் எழுதப்பட்டதாக இருக்கட்டும். கசிவை அடைக்க 140 கியர் ஒயில் ஊற்றுவது நம்மூர்ப் பழக்கம். இரண்டு நாளுக்குக் கசிவு குறைந்ததுபோல் தெரியும். ஆனால் இந்தப் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் கட்டுப்படுத்தப்படுவது. தடித்த ஒயில் அந்தச் சிறு வழியால் நுழையத் தாமதிக்கும், காலையில் தூக்க மறுக்கும். கசிவோடு ஓடுவதைவிட இது மோசம்.

ஒயில் மாற்றும்போதே பம்பின் உறிஞ்சு வாயிலுள்ள சல்லடையைக் கழுவவும். அது இருக்கும் இடமும் எடுக்கும் வழியும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும், உங்கள் மாதிரியின் கைநூலைப் பார்த்துச் செய்யவும். சல்லடையில் பித்தளைத் தூள் மினுங்கினால் பம்ப் தேய்கின்றது. றபர்த் துண்டு இருந்தால் ஏதோ ஒரு வளையம் உடைந்திருக்கின்றது. சிலிக்கன் பசைச் சுருள் இருந்தால் முன்னர் மூடியைப் பூட்டியவர் காஸ்கெட்டுக்குப் பதிலாக அதைப் பிதுக்கியிருக்கின்றார்.

7. இரண்டு லிவர்களையும் அடையாளம் காணுதல்

சீட்டின் வலப்பக்கத்தில் இரண்டு லிவர்கள். ஒன்று உயரத்தைக் கட்டுப்படுத்துவது, மற்றது இழுவையைக் கட்டுப்படுத்துவது, அதாவது மண்ணின் எதிர்ப்புக்கேற்பக் கலப்பையைத் தானாக உயர்த்தி இறக்குவது. தகட்டிலுள்ள எழுத்துகள் அழிந்துபோன இயந்திரங்களில், வாங்கியவர் எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே தள்ளி இழுக்கின்றார்.

இப்படிப் பிரித்தறியலாம். கலப்பையைப் பூட்டி, வெறும் தரையில், ஒரு லிவரை மேல் முனையில் நிறுத்திவிட்டு மற்றதை மெதுவாக நகர்த்தவும். லிவர் கால்வாசி போனால் கை கால்வாசியும், பாதி போனால் பாதியும் போய் நிற்கின்றதென்றால் நகர்த்தியது உயர லிவர். இடையில் எங்கும் நிற்காமல், ஒரு புள்ளியைத் தாண்டியதும் முழுவதும் ஏறுகின்றது அல்லது முழுவதும் இறங்குகின்றது என்றால் அது இழுவை லிவர்; மண்ணின் எதிர்ப்பு இல்லாமல் அதற்கு நடுநிலை கிடையாது. கண்டறிந்ததும் பூச்சால் அடையாளம் இடவும். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றது எந்த இடத்தில் நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் இதே சோதனையில் கண்டு குறித்து வைக்கவும்.

சம்மாந்துறையில் ஒரு தம்பி என்னிடம், "காக்கா, ரொட்டரி அடிக்கக்குள்ள தானா ஏறுது, தானா இறங்குது" என்றார். பம்ப் மாற்றப் பணமும் சேர்த்து வைத்திருந்தார். அவர் இழுவை லிவரில் ரொட்டரி ஓட்டிக்கொண்டிருந்தார். ரொட்டரி மண்ணில் இழுபடுவதில்லை, மாறாக இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளுகின்றது. இழுவையை உணரும் அமைப்புக்கு அங்கே உணர ஒன்றும் இல்லை. உயர லிவருக்கு மாற்றியதும் குறை போய்விட்டது. ரொட்டரி, மட்டப்பலகை, மருந்து அடிக்கும் தாங்கி ஆகியவற்றுக்கு உயர லிவர். புழுதி உழவில் முள்ளுக் கலப்பைக்கும் தட்டுக் கலப்பைக்கும் இழுவை லிவர். சேற்றுழவில் முள்ளுக் கலப்பைக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் ஓட்டுபவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சேற்றின் எதிர்ப்பு குறைவாகவும் சீரற்றும் இருப்பதால் நான் உயர லிவரையே விரும்புகின்றேன்.

உயர லிவரின் மேல் முனைக்கு அப்பால், தடையைத் தாண்டித் தள்ளினால், பம்ப் நிற்காமல் தள்ளிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அது டிப்பர் பெட்டி போன்ற வெளி வேலைக்கு. கலப்பையோடு போகும்போது லிவர் அங்கே இருந்தால் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்து இரைச்சலிடும், ஒயில் சூடேறும். சீட்டுக்குக் கீழே சீறும் சத்தம் கேட்டால் முதலில் லிவரின் இடத்தைப் பார்க்கவும்.

லிவர் தானாக நழுவுவதும் சாதாரணம். அச்சிலுள்ள உராய்வு வட்டுகள் தேய்ந்தோ ஒயில் பட்டோ இருக்கும். கழற்றித் துடைத்து, தேவையானால் மாற்றி, வைத்த இடத்தில் லிவர் நிற்கும் அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கவும். அதற்கு கிறீஸ் பூசக் கூடாது. எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசும் கை இங்கேயும் பூசிவிடும், ஆகையால் சொல்லி வைக்கின்றேன்.

8. கட்டுப்பாட்டு ஸ்பிறிங்கின் ஆட்டத்தை எடுத்தல்

உழும்போது கலப்பை குதிப்பதற்கு மிகப் பொதுவான காரணமும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுவே. டொப் லிங்க் பூட்டும் இடத்துக்கு முன்னால், லிப்ட் மூடியின் பின்பக்கத்தில் தடித்த ஸ்பிறிங் ஒன்று கிடையாக இருக்கின்றது. மண் இறுகி இழுவை கூடினால் டொப் லிங்க் அதை அமுக்குகின்றது, அந்த அசைவு உள்ளே வால்வுக்குப் போகின்றது, கலப்பை சற்று உயர்கின்றது. ஸ்பிறிங் தன் இடத்தில் தளர்வாக இருந்தால், அமுங்குவதற்கு முன்னர் வெறுமனே முன்னும் பின்னும் ஆடும். அந்த வெற்று ஆட்டத்தையும் வால்வு செய்தியென்றே எடுத்துக்கொள்கின்றது.

முதலில் கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, டொப் லிங்க்கைக் கழற்றவும். ஸ்பிறிங்கைச் சுற்றியுள்ள சேற்றைச் சுரண்டி மண்ணெண்ணெயால் கழுவவும். காய்ந்த களிமண் ஆட்டத்தை அடைத்து, எல்லாம் இறுக்கம் என்று பொய் சொல்லும்; கழுவாமல் சோதிக்க வேண்டாம்.

பிறகு ஸ்பிறிங்கின் வெளிமுனையிலுள்ள கவையை (டொப் லிங்க் பூட்டும் இரு கிளைத் துண்டை) இரு கையாலும் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுக்கவும். "டொக், டொக்" என்று அசைந்தால் ஆட்டம் உண்டு. அது எங்கே என்று அறிய, துணைக்கு ஒருவரை அழைத்து, அவரது விரலைக் கவைக்கும் ஸ்பிறிங்குக்கும் இடையிலும், பின்னர் ஸ்பிறிங்கைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுக்கும் மூடியின் உடலுக்கும் இடையிலும் வைக்கச் சொல்லவும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்.

கவைப் பக்கம் ஆட்டம் இருந்தால், கவையைப் பிணைக்கும் ஊசியை எடுத்து, பூட்டு ஸ்குறூவைத் தளர்த்தி, கவையைத் திருகி உள்ளே கொண்டுபோகவும். ஆட்டம் மறையும் புள்ளியில் நிறுத்தவும். அந்த நிலையில் ஸ்பிறிங்கை விரல்களால் சுழற்ற முடிய வேண்டும். சுழற்ற முடியாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். ஸ்பிறிங் முன்கூட்டியே அமுங்கி நிற்பதால் சிறிய இழுவையை அது உணராது, கலப்பை ஆழமாக இறங்கி எஞ்சின் திணறும். ஊசித் துளை நேராக வருவதற்கு கவை அரைச் சுற்றுக் கணக்கிலேயே நிற்கும். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால், சுழலக்கூடிய பக்கத்தைத் தெரிவு செய்யவும்.

இதன் பிறகே உடல் பக்கம் இருக்கும் ஆட்டத்துக்குப் போகவும். அங்கே பெரிய நட்டை இறுக்கி ஆட்டத்தை எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால், கவைப் பக்கத்து ஆட்டத்தையும் சேர்த்து நட்டால் எடுக்க முயன்று ஸ்பிறிங்கை இறுக்கிவிடுவீர்கள். நட்டில் வெட்டுகள் இருக்கும். அதற்குரிய சாவி கிடைக்காதபோது உளியும் சுத்தியலும் வைத்து அடிப்பவர்கள் அதிகம். இரண்டு தடவை அடித்தால் வெட்டுகள் உருண்டு, அடுத்த முறை சாவியும் பிடிக்காது. வெல்டிங் கடையில் ஒரு குழாய்த் துண்டில் இரண்டு பற்கள் வைத்து எடுப்பது அரை மணி வேலை.

எல்லாம் முடிந்து பூட்டு ஸ்குறூவை இறுக்கி, ஊசியைப் போட்டு, மீண்டும் தள்ளி இழுத்துப் பார்க்கவும். சத்தம் இருக்கக் கூடாது. இந்தப் படிக்குப் பிறகு இயந்திரத்தை வயலுக்குக் கொண்டுபோய் அரை ஏக்கர் உழுது பார்த்தே அடுத்ததற்குப் போகவும், ஏனெனில் பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

9. பக்க மூடியைத் திறந்து கசிவைத் தேடுதல்

மூன்றாம் படியில் தலையாட்டல் கண்டவர்களுக்கு மட்டும் இது. ஒயிலைப் பக்க மூடியின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை சுத்தமான வாளியில் வடித்து, மூடியைக் கழற்றவும். பாரமான கலப்பையைப் பூட்டி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, உயர்த்தி நிறுத்தவும்.

இப்போது ரோர்ச்சை அடித்துத் தள்ளி நின்று பார்க்கவும். விரலால் தொட்டுத் தேட வேண்டாம். உள்ளே பி.ரி.ஓ. தண்டு சுழல்கின்றது, அத்துடன் இங்குள்ள அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலைத் தாண்டக்கூடியது. ஊசிபோல் சீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் அது உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய காயம்.

மேலே சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து ஒயில் வழிந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் கீழ் முனையிலோ மேல் முனையிலோ ஒயில் பரவினால் அங்குள்ள றபர் வளையம் போய்விட்டது. இரண்டும் காய்ந்திருந்து கை இன்னும் தலையாட்டினால் மட்டுமே வால்வையும் பம்பையும் சந்தேகிக்கவும்.

நான் இந்தப் படியைத் தாண்டிச் சென்று பட்ட நட்டம் சிறியதல்ல. முதல் இயந்திரத்தில் தலையாட்டல் வந்தபோது ஒரு கராஜில் "பம்ப் முடிஞ்சுது" என்றார்கள். பழைய பம்ப் ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டினோம். இரண்டு நாள் நன்றாக நின்று மூன்றாம் நாள் அதே ஆட்டம். மறுபடி திறந்தபோது, குழாயின் மேல் முனையிலிருந்த றபர் வளையம் ஒரு பக்கம் கடிபட்டுப் பிறைபோல் தேய்ந்து கிடந்தது. பம்ப் மாற்றியபோது அதைத் திருப்பிப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். இரண்டு நாள் நின்றது அதனால்தான். உள்ளங்கையில் வைத்தால் ஒரு மோதிரத்தைவிடப் பெரிதாக இல்லை.

10. லிப்ட் மூடியைத் தூக்குவதென்றால்

வளையமோ பிஸ்டனோ மாற்ற வேண்டுமானால் சீட்டோடு சேர்ந்த பெரிய மூடியை எடுக்க வேண்டும். ஒருவர் தூக்கும் பாரமல்ல. செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) வேண்டும். உள்ளேயுள்ள நெம்புகளின் அளவுத் திருத்தம் அளவுக் கருவிகளோடு செய்ய வேண்டியது, அதை இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை. தேய்ந்த உருளைகளைக் கண்டால் அனுபவமுள்ளவரிடம் கொடுக்கவும். வளையம் மாற்றுவது மட்டும் நீங்களே செய்யக்கூடியது.

சுற்றிவரக் கழுவிய பிறகே பொல்ட்களைத் தளர்த்தவும், இல்லையேல் சேறு நேரே கியருக்குள் விழும். பொல்ட்கள் ஒரே நீளமல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைக்கவும். பழைய வளையங்களைத் தடிப்போடு ஒப்பிட்டே புதியவற்றை வாங்கவும். விட்டம் ஒத்திருந்தாலும் தடிப்பு மெல்லியதாக இருந்தால் மீண்டும் திறக்க வேண்டி வரும்.

மூடியை இறக்கும் நேரமே இந்த வேலையின் கடினமான நிமிடம். ஒரே சமயத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: குழாய் தன் துளைக்குள் நேராக இறங்க வேண்டும், மூடியிலிருந்து கீழே தொங்கும் கட்டுப்பாட்டு நெம்பு பம்பின் வால்வு நெம்போடு சரியான பக்கத்தில் சேர வேண்டும். குழாய் முனைகளில் சுத்தமான ஒயில் தடவி, ஒருவர் சங்கிலியை அங்குலம் அங்குலமாக விட, மற்றவர் பக்கத் துவாரத்தால் ரோர்ச் அடித்துப் பார்த்து ஒரு நீண்ட கம்பியால் நெம்பை வழிநடத்தட்டும். கடைசி விரற்கிடை இறங்காவிட்டால் பொல்ட்டைப் போட்டு இறுக்கி இறக்க முயல வேண்டாம். எங்கோ ஒன்று மாட்டியிருக்கின்றது, இறுக்கினால் அது வளையும் அல்லது வளையத்தைக் கடிக்கும்.

நெம்பு தவறிப் பூட்டப்பட்டதன் அடையாளம் தெளிவானது: எஞ்சினைத் தொடங்கியதும் கைகள் மேலே ஓடிப்போய் அங்கேயே நிற்கும், லிவர் எதற்கும் கேட்காது. ஆகவே முதல் தொடக்கத்தைக் கலப்பை இல்லாமல், பின்னால் ஒருவரும் நிற்காமல் செய்யவும்.

11. மீண்டும் அளத்தல்

வடித்த ஒயிலை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றி, அளவைச் சரிசெய்து, கலப்பை இல்லாமல் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்கவும். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும். முதல் சில தடவை துள்ளி ஏறினால் கவலைப்பட வேண்டியதில்லை. பிறகு கம்பியை மீண்டும் பார்க்கவும், குழாயும் சிலிண்டரும் நிரம்பியதால் அளவு சற்று இறங்கியிருக்கும்.

ஒயில் சூடான பின் மூன்றாம் படியின் மூன்று அளவுகளையும் அதே கலப்பையோடு எடுக்கவும். வேறு கலப்பையோடு எடுத்த எண்ணை ஒப்பிட முடியாது. தலையாட்டலின் இடைவெளி கூடியிருந்தால் கசிவு குறைந்திருக்கின்றது. ஏறும் நேரம் மட்டும் மாறாமல் நீண்டிருந்தால் உறிஞ்சும் சல்லடையையும் பம்பையும் பார்க்க வேண்டிய முறை இப்போதுதான் வருகின்றது.

வயலில், நீண்ட பாத்தி ஒன்றில் இழுவை லிவரை நடுவில் வைத்து உழவும். மண் இறுகிய இடத்தில் கலப்பை சற்று உயர்ந்து, இளகிய இடத்தில் தானாக இறங்க வேண்டும். பின்னால் நடந்து சாலின் ஆழத்தைக் கோலால் பத்து அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பார்க்கவும். ஆழம் திடீர் திடீரென்று மாறினால் எட்டாம் படிக்குத் திரும்பவும். சரியாக இருந்தால், அந்தப் போகத்தில் லிவர் நிற்க வேண்டிய இடத்தைப் பூச்சால் குறித்து, அளவுகளை எழுதிய தாளை ஒயில் வாங்கிய திகதியோடு சேர்த்துக் கருவிப் பெட்டியில் போட்டு வைக்கவும்.